தகவலாளி பதினான்கின் மகன் எழுதுவது

என்றும் என் மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணங்கி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பிள்ளைகள், கடை, கடைக்கு எதிரே படுத்திருக்கும் நாய் எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தைக் கேட்கலாமென்று பன்னிரண்டு நாளாகப் போன் அடிக்கிறேன். நீங்கள் எடுப்பதில்லை. அடித்து அடித்து ஓய்ந்ததும் ஒரு பெண் வந்து, நீங்கள் இப்போது பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பதாகச் சொல்கிறாள். அவள் குரலில் இருக்கிற பணிவைப் பார்த்தால் உங்கள் முழங்கால் வலியை அவளிடமே விசாரிக்கலாம் போலிருக்கிறது. ஆகவே முழங்கால் தேவலை என்று நானாகவே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து உங்களுக்கு வருகிற காகிதங்களை உங்கள் மகன்தான் படித்துக் காட்டுகிறான் என்று தெரியும். மச்சான், வணக்கம். நிறுத்தாமல் படி, உனக்கு வேண்டியதும் உள்ளே இருக்கிறது. இடையில் எதையாவது முழுங்கினால் எனக்குத் தெரிந்துவிடும், நீ பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் இந்த மச்சான்தான் அத்தை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிறவன் எல்லாம் போனில் சினிமா பார்க்கிறான், இவன் ஆவணக் காப்பகத்துக்காரர்கள் நெட்டில் போட்டிருக்கும் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டிருக்கிறான். கேட்டவன் கேட்டோமா படுத்தோமா என்று இல்லாமல், "நம்ம குடும்பத்துக் குரல் நெட்ல வந்திருக்கு, எல்லாரும் கேளுங்க" என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். முப்பத்தாறு பேர் கேட்டார்கள். நான் கடையில் ஒரு தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன், ஒரு கையால் சுற்றிக்கொண்டே கேட்டேன். முதலில் தண்ணீர் விழும் சத்தம், அப்புறம் என் அம்மா. செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆன என் அம்மா, மூச்சு வாங்க வாங்க உங்களைத் திட்டுகிறாள்.

"எங்க வீட்டுக்காரர் தங்கச்சி இருக்காளே!"

"இருக்கா!"

"துணி பிழியச் சொன்னா அழுற புள்ளையத் தட்டிக் குடுக்குற மாதிரி தட்டுவா!"

"ஆமாவா?"

"வாயத் தொறந்தா செவுத்துக் கடிகாரம் நின்னு கேட்டுட்டுத்தான் நகரும்!"

"ஆமாவா?"

"போகும்போது என் சீப்பையும் சேத்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டா!"

"அடிப்பாவி!"

"ஒம்போது வருஷமா எங்க வீட்டு மூலையில கெடந்த பாரம் எறங்கிடுச்சு!"

நான் சுற்றிக்கொண்டிருந்த கம்பி எத்தனையாவது சுற்றோ மறந்துபோய் முழுவதையும் பிரித்தேன். பிரித்து நிமிர்வதற்குள் குழுவில் நீங்கள் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒற்றை வரியையும் போன்தான் எழுதியது. சாயந்திரம் மச்சான் கூப்பிட்டு நீங்கள் சொன்னதாகச் சொன்னது இதுதான்: "ஷெட்டுக்குள்ள ஆயிரம் திட்டட்டும். அதை எம் மருமக போன்ல நான் கேக்கணுமா?" நியாயம். நானாக இருந்தால் போனையும் மகனையும் சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பேன்.

மச்சானுக்கு ஷெட் என்றால் என்னவென்று தெரியாது, அவன் பிறந்தபோது அதை இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள், அதனால் அவனுக்காக விளக்குகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள் மச்சான். ஆஸ்பத்திரிப் போர்வை, லாட்ஜ் போர்வை எல்லாம் அந்தச் சலவை ஷெட்டுக்குத்தான் வரும். என் அம்மாவும் உன் அம்மாவும் அங்கேதான் வேலை. நனைந்த போர்வை ஒரு ஆள் எடை இருக்கும், அதை இந்த முனையில் ஒருத்தி அந்த முனையில் ஒருத்தி பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிய வேண்டும், ரெண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் திரும்பினால்தான் தண்ணீர் இறங்கும். அதற்கு மற்ற இடத்தில் பாடுவார்களோ என்னவோ, இவர்கள் திட்டுவார்கள். ஒரு துணிக்கு ஒரு ஆள். ஒருத்தி திட்ட, எதிர்முனைக்காரி "ஆமாவா" என்று இழுக்க, அந்த இழுப்பில் ஒரு முறுக்கு. துணி கொடியில் ஏறியதும் அந்த ஆள் கணக்கு தீர்ந்தது, அடுத்த துணிக்கு அடுத்த ஆள். ஷெட்டில் பேசியது ஷெட் வாசலைத் தாண்டக் கூடாது, இது சட்டம். மேஸ்திரியையே மேஸ்திரி முன்னால் திட்டுவார்கள், அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பீடி பிடிப்பார். அத்தை கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதம், ஒரு படித்த ஐயா ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலைப்பாட்டு வேண்டும் என்று பதிவு பண்ணிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. அவருடைய பூட்ஸ் நனைந்ததும் எல்லாரும் சிரித்ததும் மட்டும்தான் ஞாபகம். இனி அம்மாவுக்குப் படி.

முதல் பத்து நாள் நான் எதுவும் செய்யவில்லை அத்தை, போன் அடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஆறிவிடும் என்று நினைத்தேன். பதினோராம் நாள் ஒருவர் மிக்ஸி கொண்டு வந்தார், முன்பின் பார்க்காத ஆள், நல்ல இஸ்திரிச் சட்டை. மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து என் அம்மா "பாரம் எறங்கிடுச்சு" என்று கத்துகிறாள், பின்னால் மேளம் வேறு. நான் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். "இது யாருங்க?" என்றேன். "நெட்ல கெடச்சது சார். பிரிவுத் துயர்ப் பாடலாம். ஒரு பையன் மியூசிக் போட்டிருக்கான். சூப்பரா இருக்குல்ல?" என்கிறார். அவர் மேல் என்ன தப்பு? அவருக்கு அது ஒரு பாட்டு. எனக்கு என் அம்மா ஒரு அந்நியர் பைக்குள் உட்கார்ந்து, அவருக்கு யாரிடமிருந்தோ போன் வருகிறது என்று அறிவிக்கிற வேலை பார்க்கிறாள். அவர் போனதும் நானும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். உண்மையாகவே 'சலவைத் தொழிலாளர் பாடல்கள், எண் 14, பிரிவுத் துயர்' என்றுதான் போட்டிருக்கிறது. கீழே ஆயிரத்துச் சொச்சம் பேர் இதயப் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் 'என்ன ஒரு சோகம், கண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறார். சீப்பு போனதற்கா என்று கேட்டுப் பதில் போட இருந்தேன், வீட்டுக்காரி போனைப் பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டுக் காப்பகத்துக்கே போனேன். மூன்றாவது மாடி, லிஃப்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டி அந்தக் காகிதமே மஞ்சளாகிப் பழுதாகியிருந்தது. உள்ளே அமைதி என்றால் அப்படியொரு அமைதி, என் செருப்புச் சத்தம் எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தது. பெரிய மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சார், பக்கத்து மேசையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு மேடம், அழுக்குப் படாமல் ஒரு பழைய போட்டோவைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, எடுத்துவிடுங்கள் சார் என்றேன்.

"இது ஒரு பண்பாட்டுச் செல்வம்ங்க. அழிஞ்சு போக இருந்ததைக் காப்பாத்தி உலகத்துக்கே திறந்து விட்டிருக்கோம். அறிவு எல்லாருக்கும் பொது."

"உங்க அம்மா உங்க அத்தையத் திட்டினதும் பொதுவா சார்?"

"எங்க அம்மா யாரையும் திட்டினதில்லை."

"திட்டியிருப்பாங்க சார். பெட்டியோட ஆள் வரலை, அவ்வளவுதான்."

கையுறை மேடம் இருமினார். இருமல் இல்லை அது, எனக்குத் தெரியும். கண்ணாடி சார் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி, பேசினவங்க உங்க தாயார்தான்னு ஆதாரம் காட்டுங்க" என்றார். நான் பையிலிருந்து அம்மாவின் இறப்புச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், ரெண்டையும் மேசையில் வைத்தேன். அவர் தொடவே இல்லை. பதிவில் பெயர் கிடையாதாம். 'தகவலாளி 14, பெண், வயது சுமார் முப்பது', அவ்வளவுதான். "அவங்க தனிப்பட்ட விவரத்தைப் பாதுகாக்கத்தான் பேரை எடுத்துட்டோம்" என்கிறார். பேரைப் பூட்டி வைத்துவிட்டுக் குரலைத் தெருவில் விட்டிருக்கிறார்கள் அத்தை. அம்மா செத்ததற்கு என் கையில் சான்றிதழ் இருக்கிறது, பேசியதற்குத்தான் இல்லை.

"வயசு முப்பதுன்னு அவங்களே சொன்னாங்களா சார்?"

"குறிப்புல அப்படித்தான் இருக்கு."

"அப்ப எங்க அம்மாதான். அன்னிக்கு அவங்களுக்கு முப்பத்தாறு."

அதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதாம். 'உங்கள் சமூகத்தின் பிரதிநிதி'யை அழைத்து வரச் சொன்னார். "எந்தச் சமூகம் சார்? போர்வை பிழிஞ்ச சமூகமா? மேஸ்திரி போய்ச் சேந்துட்டாரே" என்றேன். அந்த ஆபீஸில் உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் மனசில்லை. நாற்காலியில் உட்கார்வேன், எழுந்திருப்பேன், ஜன்னல் வரை போவேன், திரும்பி வருவேன், கடைசியில் சார் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பித் திருப்பிக் களைத்துவிட்டார். அப்போதுதான் மேடம் கையுறையைக் கழற்றாமலே ஒரு அட்டையை எடுத்து, எனக்குத் தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டார்: "நெட்ல போட்டது மூணு நிமிஷம்தான். முழுப் பதிவு நாப்பது நிமிஷம், வெளியாளுங்க யாரும் கேட்டதில்லை. அதுல அவங்க புருஷனைப் பத்தி என்ன சொல்லியிருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்."

"குறட்டை. எங்கப்பா குறட்டைய நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரங்க அலாரம் வாங்கலைன்னு சொல்லியிருப்பாங்க."

மேடம் அட்டையில் விரலை ஓட்டி வாசித்தார்: "நான்காம் துணி. கணவர். குறட்டை. பக்கத்து வீட்டு அலாரம்." கண்ணாடி சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உங்கள் அண்ணன் குறட்டை விட்டு நமக்கு ஒரு காரியம் ஆனது இதுதான் முதல் தடவை அத்தை.

அடையாளம் நிரூபணமான பிறகு, குடும்பத்தார் என்கிற முறையில் முழுவதையும் கேட்கலாம் என்றார்கள். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. பேனா கூடாது, பென்சில்தான். தண்ணீர் பாட்டில் வெளியே. காதில் பெரிய மூடி ரெண்டை மாட்டிவிட்டு மேடம் எதிரில் உட்கார்ந்துகொண்டார். முதலில் வாளி இழுக்கிற சத்தம், அப்புறம் அந்த ஐயா "ஹலோ ஹலோ" என்கிறார், உடனே அம்மா கேட்கிறாள், "இது எங்க போகும் சார்?"

"என் ரூமுக்கும்மா. என் படிப்புக்காக. பெட்டியில வெச்சுப் பூட்டிடுவேன்."

"வாசலைத் தாண்டாதே?"

"தாண்டாதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை, தன் காலம் முழுக்கப் பூட்டித்தான் வைத்திருந்தாராம். அவர் போன பிறகு வீட்டார் அலமாரியைக் காலி செய்து காப்பகத்துக்குக் கொடுத்தார்கள், அவர்களும் பொய் சொல்லவில்லை. காப்பகத்தார் வீணாகிவிடக் கூடாதென்று ஏற்றினார்கள். மச்சான் பெருமையில் போட்டான். ஒருத்தர் கூடத் தப்பு செய்யவில்லை, ஆனால் வாசல் தாண்டிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்பு, இதற்குமேல் எனக்கு விளங்கவில்லை. அம்மா சரி என்றது அந்த ஒரு ஆளுக்கு, அந்த ஒரு பெட்டிக்கு. அது மட்டும் விளங்குகிறது.

அப்புறம் துணி துணியாக வந்தது. முதல் துணி மேஸ்திரி. ரெண்டாவது லாட்ஜ் மேனேஜர். மூன்றாவது நீங்கள், அதுதான் நெட்டில் இருக்கிறது. நாலும் ஐந்தும் அப்பா. ஆறாவது மறுபடி நீங்கள், இதில் நீங்கள் அடுப்பை அணைக்க மறந்த கதை, அதை இங்கே எழுதவில்லை, மச்சானுக்குக் கேட்கிற வயது இல்லை. ஆறாவது முடிந்ததும் அந்த ஐயா கொஞ்சம் பயந்துபோய், "ஏம்மா, அவங்க மேல அவ்வளவு கோபமா?" என்று கேட்கிறார். அத்தை, இதை மச்சானை ரெண்டு தரம் படிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பெண்களும் சிரிக்கிறார்கள். அம்மா சொல்கிறாள்: "கோபம் இருக்குற ஆளை இங்க எடுக்கவே மாட்டோம் சார். எடுத்தா கை நடுங்கும், துணி நழுவி மண்ணுல விழும், மறுபடி தொவைக்கணும். நெனச்சாக் கை நடுங்காத ஆளத்தான் எடுப்போம்."

நீங்கள் ஒன்பது வருஷம் அதே ஷெட்டில் பிழிந்தவர், உங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் போனில் கேட்கும்போது அது காணாமல் போய்விடுகிறது, திட்டு மட்டும் மிஞ்சுகிறது. மூன்று நிமிஷத்தை வெட்டி எடுத்தவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்து வெட்டியிருந்தால் இந்தப் பன்னிரண்டு நாள் எனக்கு மிச்சமாகியிருக்கும். பிரிவுத் துயர் என்று பெயர் வைத்தது யார் மேடம், காது கேட்காத ஆளா என்று கேட்டேன். அந்த ஐயாவின் கையெழுத்திலேயே இருக்கிறதாம். அவர் நாற்பது நிமிஷமும் உட்கார்ந்து கேட்ட மனுஷர், அவருக்குக் கேட்டது எனக்குத்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

அதோடு நிம்மதியாக எழுந்து வந்திருக்க வேண்டியவன்தான். எனக்கு வேறு அரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஏழாவது அப்பாவின் தம்பி, எட்டாவது பக்கத்து வீட்டு அக்கா, ஒன்பதாவது தபால்காரர். அத்தை, தபால்காரர்! நான் எங்கே? கால் ஆட ஆரம்பித்துவிட்டது, மேசையும் சேர்ந்து ஆடியது. மேடம் கவலையாக, "என்ன ஆச்சு, கஷ்டமா இருந்தா நிறுத்திடலாமா?" என்றார்.

"எம் பேரு வரலை மேடம்."

"திட்டுல வரலைன்னா நல்லதுதானே?"

"நல்லதா? தபால்காரரு வந்துட்டாரு மேடம்!"

முப்பத்தொன்பதாவது நிமிஷம், புதுத் துணியை உதறுகிற சத்தம், அம்மா தொண்டையைச் செருமி, "எம் மகன் இருக்கானே!" என்றாள். "இருக்கான்!" என்றாள் எதிர்முனைக்காரி. டப். நாடா தீர்ந்துவிட்டது. நான் காது மூடியைத் தட்டிப் பார்த்தேன், கழற்றி உதறிப் பார்த்தேன், மேடம் மெதுவாக என் கையிலிருந்து வாங்கி வைத்தார். எட்டு வயதில் நான் என்ன செய்து தொலைத்தேன், அம்மா எதைச் சொல்ல வந்தாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டேன். போகட்டும். என் கதையை விடுங்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன், நெட்டிலிருந்து எடுக்கச் சொல்கிற படிவம். பேசியவரின் வாரிசு கையெழுத்து, அதாவது நான், போட்டாயிற்று. பேச்சில் குறிப்பிடப்பட்டவர் கையெழுத்து, அதாவது நீங்கள், பென்சிலில் வட்டம் போட்டிருக்கிற இடத்தில் போட வேண்டும். 'குறிப்பிடப்பட்டவருக்கு ஏற்பட்ட பாதிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் 'பன்னிரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை' என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "இது அவங்களுக்கு வந்த பாதிப்பா, உங்களுக்கா?" என்றார். ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் மேடம் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பத்து நாளில் எடுத்துவிடுவார்களாம். அதனால் அத்தை, தயவுபண்ணி இந்தக் கடிதம் கண்டதும் போட்டு, மச்சானை விட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்லுங்கள், இது அவன் ஆரம்பித்தது, அவன் காலாலேயே முடியட்டும். அம்மா போன பிறகு எனக்குக் காலையில் போன் பண்ணி, தின்னியா, குளிச்சியா, ஏன்டா இருமுறே என்று கேட்க உங்களை விட்டால் ஆள் கிடையாது. காலை ஏழு மணிக்கு போன் சும்மா கிடக்கிறதைப் பார்த்துப் பார்த்து நானே என் போனுக்கு வீட்டுக்காரி போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், வேலை செய்கிறதா என்று. வேலை செய்கிறது. சீப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாரிசு என்கிற முறையில் எழுதிக் கொடுக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் வயதுப்படி பிரித்துக் கொடுக்கவும். உங்கள் மருமகளுக்கு, அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்க வேண்டாம் என்கிற விண்ணப்பமும் வணக்கத்தோடு சேர்த்துக் கொடுக்கவும். மச்சானுக்கு ஒன்றும் கிடையாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
கை நடுங்காத ஆளின் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன், கிழிந்திருப்பதற்கு அதுதான் காரணம். இப்போதுதான் கையுறை மேடம் போன் பண்ணினார். வேறு ஒரு பெட்டியில் இன்னொரு நாடா கிடைத்திருக்கிறதாம், மேலே அந்த ஐயா 'தகவலாளி 14, தொடர்ச்சி, மகன்' என்று எழுதியிருக்கிறாராம். பழைய நாடா, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கிறது, அப்படியே ஓட்டினால் அறுந்துவிடும், உலர்த்திச் சுத்தம் பண்ணிக் கேட்கிற நிலைக்குக் கொண்டுவர எட்டு மாதம் ஆகும் என்றார். அதற்குள் நம் படிவம் போய்ச் சேர்ந்தால் விதிப்படி தகவலாளி பதினான்கின் எல்லா நாடாவையும் சேர்த்து முத்திரை வைத்துவிடுவார்களாம், முப்பது வருஷத்துக்கு யாரும் தொட முடியாது, குடும்பத்தாரும் கேட்க முடியாது. முப்பது வருஷத்தில் எனக்கு எண்பத்தொன்று. மேலே நான் எழுதியதெல்லாம் நியாயம்தான், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் அத்தை. போட்டிருந்தால் கிழித்துவிடுங்கள். மச்சான், நீ இந்தப் பாராவைப் படிப்பதற்குள் போட்டுவிட்டார்கள் என்றால் நீ கிழி. உங்களுக்கு ரெண்டு துணி கிடைத்துவிட்டது, தபால்காரருக்கே ஒன்று கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு எட்டு மாதம் உலகம் உங்கள் சீப்பைப் பற்றிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது. அம்மா என்னைத் திட்டி முடிக்கட்டும். அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.